தீயறிவிப்புப் பலகையும் செய்திகளின் முறைவைப்பும்

பெரிய வைத்தியசாலைகள், விடுதிகள், நூலகங்கள், பல மாடி அலுவலகங்கள் ஆகியவற்றின் வாயிலருகே சுவரிற் பொருத்தப்பட்ட ஓர் உலோகப் பெட்டியைப் பலருங் கண்டிருப்பர். அதன் முகத்திற் சில சிறு விளக்குகளும், ஓரிரு வரி எழுத்துத் தோன்றுதற்குரிய கண்ணாடித் திரையும், சில அழுத்தாளிகளும் அமைந்திருக்கும். பெரும்பாலான நாட்களில் மின்வலு உண்டென்பதைக் காட்டும் பச்சை விளக்கொன்று மாத்திரம் எரிந்துகொண்டிருக்க, ஏனையவை இருண்டு கிடக்கும். இதுவே தீயறிவிப்புக் கட்டுப்பாட்டுப் பலகை. பேச்சு வழக்கில் ‘பயர் அலாம் பனல்’ எனப்படுவது. இப்பலகை தீயைக் காண்பதுமில்லை, அணைப்பதுமில்லை. காண்பன கூரையிற் பொருத்திய உணரிகள். அணைப்போர் தீயணைப்புப் படையினர். இவ்விரு சாராருக்கும் இடைநின்று செய்தி கூறுவதே இதன் தொழில். எனினும், அச்செய்தியை எவ்வொழுங்கிற் கூறுவது, எதனை முன்வைத்து எதனைப் பின்வைப்பது, எத்தகைய சொற்களாற் கூறுவது என்னும் வினாக்கள் எளியன அல்ல. அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மின்சாரத்தின் துணைகொண்டு ஒரு நகர் முழுவதற்குந் தீயை அறிவிக்கும் முறை அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே 1852ஆம் ஆண்டு தொடங்கியது. வில்லியம் சானிங் என்னும் மருத்துவரும், மோசஸ் பாமர் என்னும் மின்னியல் வல்லுநரும் அதனை வகுத்தவராவர். தெருக்களிலே பெட்டிகள் நிறுவப்பட்டன; ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் இருந்தது. பெட்டியின் கைபிடியைச் சுழற்றியதும் அதன் எண் தந்திக் கம்பி வழியே நடுநிலையத்தை அடையும். ஆங்கிருந்து நகரின் மணிகள் அவ்வெண்ணை ஒலிக்கும். ஐம்பத்திரண்டாம் பெட்டியெனின், மணி ஐந்து முறை ஒலித்து, சற்றே ஓய்ந்து, பின்னர் இரு முறை ஒலிக்கும். தீயணைப்போர் அதனை எண்ணிக் கேட்டு, இன்ன தெரு என்று அறிந்து விரைவர். 1872 நவம்பர் 9ஆம் நாள் அந்நகரின் வணிகப் பகுதியை அழித்த பெருந்தீயை அறிவித்தது அந்த 52ஆம் பெட்டியே. பொய்யறிவிப்புக்கு அஞ்சிப் பெட்டிகள் பூட்டி வைக்கப்பட்டிருந்தமை அன்றைய தாமதத்திற்குரிய காரணங்களுள் ஒன்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

பொஸ்ரன் மணி கூறியது ஓர் எண் மாத்திரமே. செய்தியின் வகை ஒன்றே; ஆகையால் எதனை முந்திக் கூறுவது என்னும் சிக்கல் ஆங்கு எழவில்லை. அச்சிக்கல் பிறந்தது கருவி தன்னைப் பற்றியுந் தானே பேசத் தொடங்கிய பின்னராகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்குப் பழைய வகைப் பலகை ஒன்றின் உள்ளமைப்பைச் சிறிது நோக்கல் வேண்டும். கட்டடம் சில வலயங்களாகப் பிரிக்கப்படும். மாடிக்கு ஒரு வலயம் எனக் கொள்வோம். ஒவ்வொரு வலயத்திற்கும் பலகையிலிருந்து ஒரு சோடிக் கம்பி செல்லும். அவ்வலயத்து உணரிகள் யாவும் அக்கம்பிகளுக்கிடையே இணைக்கப்படும். கம்பிகளின் அந்தத்திலே ஒரு தடை பொருத்தப்படும். யாதொரு தீயும் இல்லாத வேளையில் அத்தடையினூடே ஒரு சிறு மின்னோட்டம் இடையறாது பாய்ந்துகொண்டேயிருக்கும். புகையை உணர்ந்த உணரி பெருமளவு மின்னோட்டத்தை இழுக்கும். உடனே பலகை அவ்வலயத்தின் சிவப்பு விளக்கை ஏற்றும். கம்பி எங்கேனும் அறுந்தாலோ மின்னோட்டம் அற்றுப்போகும். அப்பொழுது பலகை ‘தீ’ என்று கூறாது, ‘பழுது’ என்று கூறி மஞ்சள் விளக்கை ஏற்றும். ஆகவே, மோனமாயிருக்குங் கம்பி உண்மையில் மோனமாயில்லை. நலமே எனக் கணந்தோறும் சொல்லிக்கொண்டேயிருக்கின்றது. அச்சொல் நின்றதும் பலகை ஐயுறுகின்றது. தொலைதூரத்து மகனிடமிருந்து வாரந்தோறும் வருங் கடிதம் ஒரு வாரம் வாராதொழியின் தாய் கலங்குவது போன்றது இது.

இவ்வாறு பலகை இருவகைச் செய்தி கூறுவதாயிற்று. ‘தீ உண்டு’ என்பது ஒன்று. ‘தீ உண்டாயின் அதனைக் கூற என்னால் இயலாமற் போகலாம்’ என்பது மற்றொன்று. பின்னது முன்னதைப்போல உடனடி ஆபத்தன்று. ஆயினும் புறக்கணிக்கத் தக்கதுமன்று. இவ்விரண்டுடன் வேறு சிலவுஞ் சேர்ந்தன. தானாகவே நீர் தெளிக்குங் குழாய்த்தொகுதி உள்ள கட்டடங்களில் அதன் வாயடைப்பை எவரேனும் மூடிவிட்டால், கம்பிகள் யாவுஞ் செம்மையாயிருப்பினும், தீ எழும்போது நீர் வாராது. இதனை அமெரிக்க விதிநூலார் ‘மேற்பார்வைச் செய்தி’ எனத் தனியாக வகுத்தனர். என்.எப்.பி.ஏ. 72 எனப்படும் அவர்தம் விதித்தொகுப்பில் தீச்செய்தி முதலிடம் பெறும். மேற்பார்வைச் செய்தியும் பழுதுச் செய்தியும் அதற்குப் பின்னரே வரும். ஐரோப்பியரின் ஈ.என். 54 என்னும் நியமத்தின் இரண்டாம் பகுதி பலகையின் நிலைகளை வேறு விதமாகப் பகுக்கின்றது: அமைதி நிலை, தீ நிலை, பழுது நிலை, நிறுத்திவைப்பு நிலை, சோதனை நிலை என்பன அவை. பெயரும் பகுப்பும் வேறுபடினும் ஒரு கருத்தில் இரு சாராரும் ஒத்துள்ளனர். தீ என்னுஞ் செய்தியை வேறெந்தச் செய்தியும் மறைத்தல் கூடாது என்பதே அது.

பொழுதளவிலும் இவ்வேற்றுமை பேணப்படுகின்றது. உணரியிடமிருந்து வந்த தீக்குறியை ஆராய்வதற்கென ஐரோப்பியப் பலகை 10 செக்கனுக்கு மேல் தாமதித்தல் ஆகாது. பழுதைக் கூறுவதற்கோ அதற்கு 100 செக்கன் வரை அவகாசம் உண்டு. அமெரிக்க விதியில் அவ்வெல்லைகள் தீக்கு 10 செக்கன், மேற்பார்வைக்கு 90 செக்கன், பழுதுக்கு 200 செக்கன் என வகுக்கப்பட்டுள்ளன. பழுதைக் கூறுவதில் ஏன் இத்துணை நிதானம் எனச் சிலர் வினவலாம். மின்னல், மின்வலுவின் கணநேரத் தளர்ச்சி முதலியவற்றால் நொடிப்பொழுது தோன்றி மறையுங் குறைகள் பல. அவை ஒவ்வொன்றுக்கும் பலகை ஒலியெழுப்பினால், சில நாட்களில் அவ்வொலியை எவரும் பொருட்படுத்தார். அவ்வாறு பொருட்படுத்தாமை பழகிவிட்ட இடத்தில் உண்மைத் தீயொலியும் அதே கதியையே அடையும்.

இனி, 1980களிற் பரவத் தொடங்கிய புதுவகைப் பலகைகளை நோக்குவோம். இவற்றில் ஒவ்வோர் உணரிக்கும் தனித்தனி முகவரி உண்டு. பலகை ஒரு வளையக் கம்பியின் வழியே உணரிகளை ஒன்றன்பின் ஒன்றாக விளித்து விடை பெறும். ஆசிரியர் இடாப்பைப் பார்த்து மாணவரை அழைப்பது போலவே இதுவும் நடைபெறுகின்றது. ஆனால் இடாப்பு முடிந்ததும் மீண்டும் முதற்பெயரிலிருந்து தொடங்கி இரவும் பகலும் ஓயாது நடைபெறுகின்றது. விடை வாராதாயின் அது பழுது. வந்த விடையிற் புகையளவு எல்லை கடந்ததாயின் அது தீ. பழைய பலகை ‘இரண்டாம் மாடி’ என்று மாத்திரம் சொல்லவல்லது. புதியதோ, ‘இரண்டாம் மாடி, இரசாயன ஆய்வுகூடம், களஞ்சிய அறை, புகையுணரி 14, முற்பகல் 10.42’ என்று சொல்லவல்லது. இஃது ஒரு பெரும் முன்னேற்றமே. ஆயினும் முன்னேற்றத்துடன் ஓர் இடரும் உடன்வந்தது. வலயத்துக்கொரு விளக்குடைய பழைய பலகையில் இருபது வலயங்களின் நிலையையும் ஒரே பார்வையிற் காணலாம். புதிய பலகையின் திரையோ, பல கருவிகளில், வரிக்கு 40 எழுத்தாக இரண்டே வரியுடையது. நூற்றுக்கணக்கான உணரிகள் பேச முயலுகின்றன; வாயோ ஒன்றே. ஆகவே எது முன்னே என்னும் வினா தவிர்க்க முடியாததாயிற்று.

இவ்வினா கூர்மையடைவது தீப்பற்றி எரியும் அந்தச் சில நிமிடங்களிலேதான். தீ முதலில் ஓர் உணரியைத் தொடுகின்றது; பலகை ‘தீ’ என்கின்றது. தீ வளர்ந்து, கூரையினுட் சென்ற கம்பியை எரிக்கின்றது. அக்கம்பியை நம்பியிருந்த உணரிகள் ஒவ்வொன்றாக விடையிறாது போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழுதுச் செய்தி எழுகின்றது. பின்னர் ஒலிபெருக்கியின் கம்பி குறுக்கிணைகின்றது. அதற்கும் ஒரு செய்தி. தீயே பழுதுகளைப் பெறுகின்றது என்பது இதனாற் பெறப்படும். வந்த ஒழுங்கிலேயே செய்திகளைக் காட்டும் பலகையாயின், தீயணைப்புப் படையின் தலைவர் வந்து நோக்கும்போது அவர் காண்பது நாற்பது பழுதுகளே. அவற்றின் கீழே, முதலிற் கூறப்பட்ட அந்த ஒற்றைத் தீச்செய்தி புதைந்து கிடக்கும். ஆகையாலேதான் முறைவைப்பு வந்த காலத்தைப் பற்றியதன்று, வகையைப் பற்றியது என விதிநூலார் வகுத்தனர். வளையத்தின் இடையிடையே கம்பித்துண்டை வேறாக்கும் உறுப்புக்களை வைத்துக் கெட்ட பகுதியை மாத்திரம் கழித்துவிடுவதும் இத்துன்பத்தைக் குறைக்கும் ஒரு வழி.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அடக்கப்பட்ட செய்தி அழிக்கப்பட்ட செய்தி ஆகாது. தீச்செய்தியின் பொருட்டுப் பழுதுச் செய்திகள் திரையினின்று விலக்கப்படலாம். ஆனால் விலக்கப்பட்டவை உள்ளன என்பதைப் பலகை காட்டியே தீரல் வேண்டும். அவற்றைப் பார்க்க விரும்புவோர் ஓர் ஆளியை அழுத்திப் பார்க்கவும் இடமிருத்தல் வேண்டும். பழுது உண்டென்பதைக் காட்டும் பொதுவான மஞ்சள் விளக்கு திரையிற் செய்தி இல்லாத வேளையிலும் எரியும். தீ நிலைக்கும் அவ்வாறே திரையைச் சாராத தனிச் சிவப்பு விளக்கு உண்டு. திரையே கெட்டுப்போயினும் தலையாய செய்தி நிற்கும்.

தீச்செய்திகளே பலவாயின் என் செய்வது? ஐரோப்பிய நியமம் இதற்குக் கூறும் விடை எமக்கு மிகச் செம்மையானதாகத் தோன்றுகின்றது. திரையின் ஒரு பகுதியில் முதன்முதல் தீயறிவித்த வலயம் நிலையாக நிற்கும். மற்றொரு பகுதியில் மிக அண்மையில் அறிவித்த வலயம் தோன்றும். எத்தனை வலயங்கள் அறிவித்துள்ளன என்னும் தொகையும் எப்பொழுதும் தெரியும். இடையிலுள்ளவற்றை ஆளியை அழுத்தி ஒவ்வொன்றாகக் காணலாம். அழுத்தியவர் கையெடுத்துச் சிறிது நேரத்தில் திரை பழைய நிலைக்குத் தானே மீளும். முதலாவது தீ எங்கே பிறந்தது என்பதைக் கூறும். கடைசியானது அஃது எங்கே சென்றுவிட்டது என்பதைக் கூறும். தொகை அதன் பருமையைக் கூறும். புகை மாடிப்படி வழியே ஏறிப் பல மாடிகளை நிரப்பும் இயல்பினது. மூன்றாம் மாடியிற் புகை மண்டியிருப்பினும் தீ கீழ்மாடிச் சமையலறையில் இருக்கலாம். இப்பொழுது புதிதாக எழுந்த செய்தியையே நம்பி மேலே ஓடுவோர் தீயைத் தமக்குக் கீழே விட்டுச் செல்வோராவர். முதற்செய்தியை மேல்வரியிற் பூட்டி வைத்தமையின் பயன் அப்பொழுது விளங்கும்.

இன்னும் ஒன்று: தீச்செய்தி ஒருமுறை தோன்றினால், உணரியைச் சூழ்ந்த புகை கலைந்து போயினும் அச்செய்தி தானே மறையாது. பொறுப்புடைய ஒருவர் வந்து பலகையை மீளமைக்கும் வரை அஃது நிற்கும். பழுதுச் செய்தியோ, குறை நீங்கியதும் தானே நீங்கிவிடலாம். தீயைப் பற்றிய இவ்வுறுதி வேண்டற்பாலதே. காற்றுத் திரும்பியதாற் புகை சற்று விலகியமையைத் தீ அணைந்தமை எனக் கொள்ளுதல் பேரிடர் தரும்.

பலகையின் முன் நிற்போர் குழப்பமடையும் இடம் பெரும்பாலும் ஆளிகளைப் பற்றியதாகும். பலகையின் உள்ளிருந்து முரலும் சிற்றொலியை நிறுத்துதல் வேறு. கட்டடமெங்கும் ஒலிக்கும் அபாயமணியை நிறுத்துதல் வேறு. பலகையை மீளமைத்தல் வேறு. முதலாவது, ‘செய்தியைக் கண்டேன்’ எனக் காவலாளர் கூறும் விடை. அதனை எளிதிற் செய்ய இடமளிக்கலாம். ஏனெனில் காதருகே ஓயாது முரலும் ஒலி சிந்தனையைக் கலைக்கும். இரண்டாவதற்குத் திறப்போ இரகசிய எண்ணோ வேண்டும். மூன்றாவது, பலகையின் நினைவை வெறுமையாக்கி மீண்டும் கேட்கச் செய்வது. தீயணைப்போர் வருமுன் பரபரப்பில் எவரேனும் மீளமைத்துவிட்டால், முதலில் அறிவித்த உணரி எது என்னும் அருஞ்செய்தி திரையினின்று போய்விடும். எரிந்துபோன உணரி மீண்டும் விடையிறுக்கவும் மாட்டாது. பலகையினுள் நிகழ்ச்சிப் பதிவேடு இருப்பது இதற்கு ஓரளவு பரிகாரமே. ஆயினும் எரியுங் கட்டடத்தின் வாயிலில் நின்று பதிவேட்டைப் புரட்ட எவருக்கு நேரம் உண்டு? ஒலியை நிறுத்திய பின்னர் புதிய வலயமொன்று தீயறிவித்தால் சிற்றொலி மீண்டும் எழும். அமெரிக்க விதியின்படி, நிறுத்திவைக்கப்பட்ட பழுதொலி 24 மணித்தியாலத்திற்கு ஒருமுறையேனும் மீண்டும் எழுதல் வேண்டும். மறதியை மனித இயல்பெனக் கொண்டு வகுத்த விதி இது.

மறதி எனவே நிறுத்திவைப்பு நிலையைப் பற்றிச் சில சொல்லல் தகும். மண்டபமொன்றிற் சுவருக்கு வர்ணம் தீட்டுகின்றனர், அன்றேல் தளத்தை அரைத்துத் தூசி கிளப்புகின்றனர் என்று கொள்வோம். பொய்யறிவிப்பைத் தவிர்க்க அவ்வலயத்தை நிறுத்தி வைப்பர். வேலை மாலையில் முடியும், வேலையாட்கள் செல்வர், வலயம் நிறுத்தப்பட்டபடியே இருக்கும். அவ்விரவு அம்மண்டபம் கண்ணும் செவியுமற்றது. பழுதாற் குருடானதற்கும் கட்டளையாற் குருடானதற்கும் பயனில் வேற்றுமை இல்லை. ஆனால் மனிதர் பின்னதைக் குறையெனக் கருதுவதில்லை, தாமே செய்தமையால். இது காரணமாகவே நிறுத்திவைப்பையும் மஞ்சள் விளக்காற் காட்டுமாறு நியமம் பணிக்கின்றது. எமது எண்ணத்தில், பலகை கூறுஞ் செய்திகளுள் மிகுந்த கவனத்துக்குரியதும் மிகக் குறைந்த கவனம் பெறுவதும் இதுவேயாகும்.

செய்திகளை முறைவைக்காது கொட்டினால் விளைவது யாது என்பதற்குத் தீயறிவிப்புத் துறைக்குப் புறத்தே ஒரு சான்று உண்டு. 1979 மார்ச்சு 28ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்தொன்று நேர்ந்தது. அதனை ஆராய்ந்த ஆணைக்குழுவுக்குக் கணித அறிஞர் ஜோன் கெமனி தலைமை தாங்கினார். முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன என்றும், முக்கியமல்லாதவற்றை அடக்கி முக்கியமானவற்றை முன்னிறுத்த யாதொரு ஏற்பாடும் இருக்கவில்லை என்றும் அக்குழு கண்டது. எச்சரிக்கைகளைத் தாளிற் பொறித்த கருவி நிகழ்ச்சிகளுக்கு ஈடுகொடுக்க மாட்டாது மிகவும் பின்தங்கிவிட்டது. அதனினும் கொடியது ஒன்று. நீராவியை வெளியேற்றும் வாயடைப்பொன்று திறந்தபடியே சிக்குண்டது. அதற்குரிய விளக்கோ அணைந்திருந்தது. ஏனெனில் அவ்விளக்கு வாயடைப்பின் நிலையைக் காட்டவில்லை, மூடுமாறு இடப்பட்ட மின்கட்டளையையே காட்டியது. கட்டளை சென்றது, காரியம் நடைபெறவில்லை. காவலிலிருந்தோர் விளக்கை நம்பினர். தீயறிவிப்புப் பலகையை ஆக்குவோரும் இவ்வேற்றுமையை மறவார்: ‘மணியை ஒலிக்கப் பணித்தேன்’ என்பது வேறு, ‘மணி ஒலிக்கின்றது’ என்பது வேறு.

இவ்வளவும் செம்மையாக அமைந்த பின்னரும் ஒரு குறை எஞ்சலாம் என்பதை 2019 ஏப்பிரில் 15ஆம் நாள் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்தது காட்டுகின்றது. நோத்ர தாம் தேவாலயத்தின் நடுமண்டபத்துக்கு மேலே, ‘காடு’ என்று வழங்கப்பட்ட கருவாலி மரச் சட்டகம் ஒன்று இருந்தது, இடைக்காலத்து மரம். அன்று மாலை 6.20 மணியளவில் தீயறிவிப்புப் பலகையின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகவே உணரி தன் கடமையைச் செய்தது. பலகையும் தீச்செய்தியை முன்வைத்தது. ஆனால் பின்னர் வெளிவந்த செய்தியறிக்கைகளின்படி, திரையிற் தோன்றிய சொற்கள் மேற்கூரை, நடுமண்டபம், திருப்பண்ட அறை என மூன்றையும் அடுக்கிக் கூறுவனவாயிருந்தன. அவற்றைத் தொடர்ந்து எழுத்தும் எண்ணும் விரவிய நீண்ட குறியீடு ஒன்றும் இருந்தது. திருப்பண்ட அறை என்பது பூசைக்குரிய பொருள்கள் வைக்கப்படும் இடம்; ஆங்கு அது தேவாலயத்தை ஒட்டி நிற்கும் வேறொரு கட்டடம். பலகையின் முன் அமர்ந்திருந்தவர் அப்பணிக்குப் புதியவர். அவர் தொலைபேசியிற் கூறியதைக் கேட்ட காவலாளர் திருப்பண்ட அறையின் மேற்கூரைக்குச் சென்று பார்த்தார். ஆங்கே தீ இல்லை. தீயில்லை என்ற விடையால் ஐயம் தீராது, மேலதிகாரியைத் தொடர்புகொண்டு, பின்னர் ஏறக்குறைய முந்நூறு படிகள் ஏறி நடுமண்டபத்தின் மேற்கூரையை அடைந்தபோது தீ கட்டுக்கடங்காது எரிந்துகொண்டிருந்தது. முதற்செய்திக்கும் தீயணைப்புப் படையை அழைத்ததற்கும் இடையே அரைமணி நேரம் கழிந்துவிட்டது. மாலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் கூர்ங்கோபுரம் முறிந்து வீழ்ந்தது.

யார்மீது தவறு என்பது பின்னர் பெருஞ் சர்ச்சைக்குள்ளாயிற்று. அதனைத் தீர்ப்பது எமது நோக்கமன்று. செய்தியைப் பெற்றதும் மனிதர் சென்று கண்டு உறுதிசெய்த பின்னரே படையை அழைத்தல் என்னும் ஒழுங்கும் ஆங்கு இருந்தது. அவ்வொழுங்கிற்கு நியாயம் உண்டு. பொய்யறிவிப்பால் ஆயிரக்கணக்கான மக்களை வெளியேற்றுதல் எளிதன்று. ஐரோப்பிய நியமமும் பலகையின் வெளிச்செய்திகளை இவ்வாறு தாமதிக்க இடமளிக்கின்றது. ஆனால் அத்தாமதத்திற்குப் பத்து நிமிடம் என்று எல்லையும் வகுத்துள்ளது. சென்று காணும் மனிதர் சரியான இடத்திற்குச் செல்வார் என்னும் நம்பிக்கையின்மீதே இவ்வேற்பாடு முழுவதும் நிற்கின்றது. அந்நம்பிக்கையைத் தாங்குவன திரையில் உள்ள நாற்பது எழுத்துக்கள்.

அவ்வெழுத்துக்களைப் பலகை தானே ஆக்குவதில்லை. கட்டடத்தில் இதனைப் பொருத்தும் நாளில் ஒரு மனிதர் ஒவ்வோர் உணரிக்கும் இடப்பெயரை எழுதிப் பதிகின்றார். பெரும்பாலும் அது வேலையின் கடைசி நாள். அவர் கையில் இருப்பது கட்டடக் கலைஞரின் வரைபடம். வரைபடத்தில் ‘அறை 2.17’ என்றிருக்கும், கட்டடத்தில் வாழ்வோர் அதனைப் பழைய நூலகம் என்பர். ‘இடப்பக்கத்து மண்டபம்’ என்று எழுதுவார். எத்திசை நோக்கி நிற்போருக்கு இடப்பக்கம்? இடப்பற்றாக்குறையால் சொற்களைக் குறுக்குவார். குறுக்கியவர் ஒருவருக்கே அவை விளங்கும். நல்ல பெயர் பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும்: முதலிற் கட்டடம், பின் மாடி, பின் அறை, கடைசியாக உணரி. இரண்டு இடங்களின் பெயர்கள் ஒரே வரியில் வாராதிருத்தல் வேண்டும். வரின், விரைந்து படிப்போர் தாம் நன்கறிந்த பெயரையே பற்றிக்கொள்வர். உணரியின் குறியீட்டெண் பழுதுபார்ப்போருக்கு வேண்டியதே. ஆனால் அதற்குரிய இடம் இரண்டாம் பார்வையிலாகும், முதற்பார்வையிலன்று. இரவுக் காவலாளர் எம்மொழியிற் படிப்பாரோ அம்மொழியிற் பெயர் இருத்தலும் நன்று. பிரித்தானிய நடைமுறை விதியான பி.எஸ். 5839 பலகையின் அருகே வலயங்களைக் காட்டும் படம் ஒன்றும் தொங்கவிடப்படல் வேண்டும் என்கின்றது. எழுத்து மயக்குமிடத்துப் படம் தெளிவிக்கும்.

எழுதிய நாளிற் சரியாயிருந்த பெயரும் காலத்தாற் பொய்யாகும். களஞ்சியம் வகுப்பறையாகின்றது, இரண்டு அறைகளுக்கிடையேயுள்ள சுவர் இடிக்கப்படுகின்றது, புதிய கிளை எழுகின்றது. உணரி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதன் பெயர் இல்லாத ஓர் இடத்தைக் குறிக்கின்றது. இப்பிழை பச்சை விளக்கிற்குத் தெரியாது. மின்னோட்டம் பாய்கின்றது, உணரி விடையிறுக்கின்றது, பழுது ஏதும் இல்லை. மேற்கூறிய பிரித்தானிய விதி, கண்ணாடி உடைத்து அழுத்துங் கைப்பெட்டிகளுள் ஒன்றை வாரந்தோறும் இயக்கிச் சோதிக்குமாறும், ஒவ்வொரு வாரமும் வேறொன்றைத் தெரிந்தெடுக்குமாறும் கூறுகின்றது. பல இடங்களில் இச்சோதனையிற் கவனிக்கப்படுவது மணி ஒலித்ததா என்பது மாத்திரமே. ஒருவர் கைப்பெட்டியின் அருகிலும் மற்றொருவர் பலகையின் முன்னும் நின்று, திரையிற் தோன்றும் பெயரை உரக்கப் படித்து, அப்பெயரை மாத்திரம் கேட்ட மூன்றாம் ஒருவர் அவ்விடத்தைத் தேடிச் செல்வாராயின், இதற்கு மேலும் ஐந்து நிமிடமே செலவாகும். அம்மூன்றாமவர் அக்கட்டடத்திற்குப் புதியவராயிருத்தல் விரும்பத்தக்கது.